எல்.டி. என்றால் லண்டன் டைம்

சார்,

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் மகள் என் கைபேசிக்கு ஒரு விமான டிக்கெட்டை அனுப்பினாள். அமெரிக்காவிலிருந்து உங்கள் மகன் கிளம்பி வருகிற டிக்கெட். கூடவே ஒரு கேள்வி. டெல்லியில் மறுநாள் விடிகாலை மூன்று நாற்பதுக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறதே அக்கா, அது நம் டைமா அவர்கள் டைமா, அப்பாவை எப்போது எடுப்பது என்று எல்லாரும் நச்சரிக்கிறார்கள், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், பார்த்துச் சொல்லுங்கள் என்று.

அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் அந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சிரிப்பு வந்தது சார். எழுபது வயசுக்காரி, சாவுச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள் என்றால் யாராவது என்ன நினைப்பார்கள்? நினைத்தால் நினைக்கட்டும். உங்களுக்காக அழ எனக்குக் கண்ணீர் இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்ள இந்த வயதில் தெம்பும் இல்லை.

பதில் போட்டேன். எந்த ஊரில் இறங்குகிறானோ அந்த ஊர் மணிதான் டிக்கெட்டில் இருக்கும், மூன்று நாற்பது என்றால் நம் மூன்று நாற்பது, யாரும் அவசரப்பட வேண்டாம். உங்கள் மகன் சொன்ன நேரத்துக்கு வந்தான். கண்ணாடிப் பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்து அழுதான். அவன் கையாலேயே கொள்ளி வாங்கிக்கொண்டீர்கள். துவாரகாவில் உங்கள் மகள் வீட்டு வாசலில், கூட்டத்தின் கடைசியில் நின்று நேற்று வழியனுப்பிவிட்டு வந்தேன். இன்று காலை குளித்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குக் கிடைத்தது என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நீங்கள். செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் பேசவில்லை, இப்போதும் கூடாது என்றால் பிறகு எப்போதுதான் பேசுவது?

ஆபீஸில் நீங்கள் எனக்கு சார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டு மாமா. நாங்கள் முதல் மாடி, நீங்கள் நேர் கீழே. காலையில் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். ஸ்டாப்பில் இறங்கியதும் என்னை விட்டுப் பத்தடி முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவீர்கள், டைப்பிஸ்டோடு சேர்ந்து வந்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

அதிகாரிகள் வெளிநாடு போனால் அதற்கு டூர் புரோக்ராம் தயாரிக்கிற பிரிவு உங்களுடையது. எந்த நாள் எத்தனை மணிக்கு எங்கே விமானம் ஏறுகிறார், எங்கே எத்தனை மணிக்கு இறங்குகிறார், கார் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாகப் போடுகிற வேலை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். இந்த வேலைக்கு உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஓர் உலக வரைபடம். டெல்லி மேல் ஒரு குண்டூசி குத்தி, அதில் கறுப்பு நூல் கட்டி வைத்திருந்தீர்கள். யாராவது லண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் போதும். நூலை இழுத்து லண்டன் மேல் வைத்து, அதை அப்படியே ஸ்கேலுக்குக் கொண்டுவந்து அளந்து, "நாலாயிரத்து இருநூறு மைல், ஒன்பது மணி நேரம், பஸ்" என்பீர்கள். இந்தியில் பஸ் என்றால் அவ்வளவுதான், இதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். டெல்லியில் முப்பது வருஷம் இருந்து நீங்கள் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட இந்திச் சொல் அது ஒன்றுதான்.

பூமி உருண்டை என்பது உங்கள் நூலுக்குத் தெரியாது. தட்டையான தாளில் நூல் பிடித்து அளந்தால் தப்பாகத்தான் வரும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்ன மைல் சரியாக இருந்ததே என்பீர்கள். இருக்காதா? டைம்டேபிள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருந்ததை மனப்பாடம் செய்துவிட்டு, எங்கள் கண்ணுக்கு மட்டும் நூலை இழுத்துக் காட்டினீர்கள். அந்தப் புத்தகத்தை உங்கள் டிராயரில் நான் பார்த்திருக்கிறேன் சார். ஒருநாள் நீங்கள் கேன்டீனுக்குப் போயிருந்தபோது ரப்பர் தேடித் திறந்தேன். அன்றைக்கே உங்கள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

விமானத்தில் ஒருநாளும் கால் வைக்காத மனுஷன் நீங்கள். ஊருக்குப் போவது ரயிலில், இரண்டு ராத்திரி, கூஜாவும் ஹோல்டாலுமாக. அதில் தப்பே இல்லை, நாங்களும் அப்படித்தான் போனோம். ஆனால் ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம், இதே தூரம் பிளேனில் இரண்டரை மணி என்று நாக்பூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தீர்களாமே, உங்கள் வீட்டு மாமியே சொல்லிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாக்கில் இருக்கிற குழந்தை குட்டியையெல்லாம் கூட்டிக்கொண்டு பாலம் விமான நிலையத்தில் வேடிக்கை பார்க்கிற மாடத்துக்குப் போவீர்கள். அங்கே நின்றுகொண்டு, இது பம்பாய், இது கல்கத்தா, அது ஏழு நிமிஷம் லேட் என்று அறிவிப்பு. மலை மந்திரில் முருகனுக்குக் கற்பூரம் காட்டும்போதுகூட, மேலே சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்து விமானத்தின் பெயரைச் சொல்வீர்கள். சுற்றி நிற்பவர்களும் சாமியை விட்டுவிட்டு மேலே பார்ப்பார்கள். தமிழ் ஜனங்களுக்கு மைல் கணக்கு சொல்கிறவர் என்றால் போதும், கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை.

என் அப்பாவுக்கு இந்தப் பித்தெல்லாம் கிடையாது. திருநெல்வேலியிலிருந்து வந்து, வேறொரு துறையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து, நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். அண்ணன் லண்டனுக்கு வேலைக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. போகாதே என்றார், அவன் போனான். அதோடு அவனுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவன் அம்மாவுக்கு எழுதுவான், அம்மாவுக்காக நான் பதில் எழுதுவேன், அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருப்பார். ஏழு வருஷம் இப்படி. கடைசி வருஷம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த பிறகு ஆள் மாறிப்போனார். மாலையில் படியிறங்கி வந்து உங்களிடம் ஒரே கேள்வி கேட்பார், லண்டனிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று. மாதத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பார். உங்களுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்டது போல, ராத்திரி அங்கே சாப்பிட்டுவிட்டு ஏறினால் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம் சார் என்று விளக்கம் சொல்வீர்கள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு மேலே ஏறி வருவார். தூரம் கேட்டா அவர் வந்தார்? மகன் வருவான் என்று யார் வாயாலாவது கேட்க வந்தார். உங்களுக்கு எங்கே அது புரியப் போகிறது.

அண்ணன் தீபாவளிக்கு வருவதாக எழுதியிருந்தான். அப்பா அதைக் கேட்டும் கேட்காதது போல இருந்துவிட்டு, மறுநாள் போய் அவனுக்காக ஒரு கட்டில் வாங்கி வந்தார்.

இப்போது எல்.டி. விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மறந்திருப்பீர்கள், எனக்கு மறக்காது. அப்பா போவதற்கு ஒரு வருஷம் முன்னால், லண்டன் போயிருந்த பெரிய அதிகாரி ஒருவர் திரும்பி வருவதாக டெலக்ஸ் வந்தது. டெல்லி வருகை 0830 எல்.டி. என்று இருந்தது. நீங்கள் பென்சிலை எடுத்து நாலரை மணி கூட்டி, மத்தியானம் ஒரு மணி என்று எழுதி என்னிடம் கொடுத்தீர்கள். அந்த எல்.டி. என்னவென்று கேட்டேன். லண்டன் டைம் என்றீர்கள். லண்டனிலிருந்து வருகிறவருக்கு லண்டன் டைம் போடாமல் பின்னே ரஷ்யா டைமா போடுவார்கள் என்று சிரித்தீர்கள். நாலரை மணி எப்படி என்று கேட்டதற்கு, அங்கே வெயில் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைத்துக்கொள்வார்கள், மற்ற நாளில் அஞ்சரை, இப்போது நாலரை என்று விளக்கினீர்கள். இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவருக்கு அந்த இரண்டு எழுத்து தெரியாமலா இருக்கும் என்று நான் டைப் அடித்துக் கொடுத்தேன்.

அதிகாரி காலை எட்டரைக்கு இறங்கி, கார் இல்லாமல், டாக்ஸி பிடித்து நேரே ஆபீஸுக்கு வந்தார். அவர் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. லோக்கல் டைம், லோக்கல் டைம், எந்த ஊரில் இறங்குகிறேனோ அந்த ஊர் மணி, இதுகூடத் தெரியாமல் என்ன செக்‌ஷன் நடத்துகிறீர்கள் என்று கத்தினார். நீங்கள் என்ன செய்தீர்கள்? என் பக்கம் கையைக் காட்டி, டைப்பிங் மிஸ்டேக் சார், புதுப் பொண்ணு என்றீர்கள். நான் புதுப் பெண்ணா? நாலாவது வருஷம். எனக்கு மெமோ வந்தது. நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்து கேன்டீன் வடையைத் தின்றுகொண்டு, அந்த பிளேன் பின்காற்றில் சீக்கிரம் வந்துவிட்டது, அதை யார் எதிர்பார்க்க முடியும் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னீர்கள். நாலரை மணி நேரம் முன்னால் தள்ளுகிற பின்காற்று! நான் உங்களிடம் வந்து, எல்.டி. என்றால் லோக்கல் டைம் என்று அவர் சொன்னாரே சார் என்றேன். நீங்கள் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டைப் அடிக்கிறவ டைப் அடிக்கிறதோட நிறுத்திக்கணும்."

அந்த ஒரு வாக்கியம் என்ன வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அப்பா போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணனுக்கு உடனே தந்தி கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து பதில் தந்தி வந்தது. புதன் டெல்லி வருகை 1230 எல்.டி., நான் வராமல் எடுக்க வேண்டாம் என்று இரண்டே வரி. பாவி, ஜாக்கிரதையாக இருக்கட்டும், குழப்பம் வேண்டாம் என்று டிக்கெட்டில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறான். அந்த எல்.டி. இல்லாமல் வெறும் பன்னிரண்டரை என்று மட்டும் அடித்திருந்தால் நாங்கள் எல்லாரும் பன்னிரண்டரை என்றே படித்திருப்போம், அவன் அப்பா முகத்தைப் பார்த்திருப்பான்.

அந்த வருஷத்து வெயில் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளங்களைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்து அப்பாவைச் சுற்றி அடுக்கினோம். கால் மணிக்கு ஒருமுறை துணியால் தண்ணீரை ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தேன். புதன் காலையில் அப்பாவின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. வாடையும் வந்துவிட்டது. ஊதுவத்தி கட்டுக் கட்டாக எரிந்தது. அம்மா மட்டும் தலைமாட்டிலிருந்து அசையவில்லை, அவன் வரட்டும் என்ற ஒரே பேச்சு.

காலை ஒன்பது மணிக்கு நீங்கள் மேலே வந்தீர்கள். கரோல் பாக்கிலிருந்து வந்திருந்த சித்தப்பாவும் புரோகிதரும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள். கணக்குச் சொல்ல ஆள் வந்தாயிற்றே. தந்தியை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தீர்கள். எல்.டி. என்றால் லண்டன் டைம் என்றீர்கள். பன்னிரண்டரையோடு நாலரை, சாயங்காலம் ஐந்து. கஸ்டம்ஸ், பெட்டி, அது ஒரு மணி நேரம். வீட்டுக்கு வர ஆறரை. இங்கிருந்து யமுனைக் கரைக்குப் போவதற்குள் இருட்டிவிடும். பொழுது சாய்ந்த பிறகு எரிக்கக் கூடாது என்றார் புரோகிதர். அப்படியானால் வியாழக்கிழமை காலை, அது வரைக்கும் இந்த உடம்பு தாங்காது என்றார் சித்தப்பா. தந்தியின் பின்பக்கம் ஒரு கோடு இழுத்து, "பஸ்" என்றீர்கள்.

அம்மா தலையைத் தூக்கினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

"பன்னெண்டரைன்னுதான போட்டிருக்கு? நீங்கதான அவுககிட்ட சொன்னிய, ராத்திரி ஏறினா மத்தியானச் சோத்துக்கு வந்துரலாம்னு?"

அந்த அறையில் புத்தியோடு பேசியது அவள் ஒருத்திதான். நீங்கள் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போல, அது பொதுவாகச் சொல்கிற பேச்சு அக்கா, இது தந்தி, இதில் எல்.டி. என்று தெளிவாக இருக்கிறது என்றீர்கள். தந்தியில் இருக்கிறது என்றதும் அம்மா அடங்கிப்போனாள்.

நான் அடுக்களை வாசலில் வாளியோடு நின்றேன். எனக்குத் தெரியும் சார். லோக்கல் டைம், எந்த ஊரில் இறங்குகிறானோ அந்த ஊர் மணி. அந்த அதிகாரி கத்திய கத்தல் என் காதில் இருந்தது. ஒரு மெமோ கொடுத்து எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. வாயைத் திறந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் எதற்கு வாயைத் திறக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்தது, அது உங்கள் முகத்தில் இருந்தது. "நீ போய் அம்மாவைப் பிடிச்சுக்கோம்மா" என்றீர்கள். நான் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். ஒருவேளை தந்தியில் வேறு அர்த்தமோ, இத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கும்போது நான் சொல்லி அது தப்பாகிப்போனால் என்ன ஆகும் என்றெல்லாம் அந்த நிமிஷத்தில் நினைத்தேன். இப்போது யோசித்தால் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பதினொன்றரைக்கு எடுத்தார்கள். சித்தப்பா கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், நீங்கள் வேனில் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து வழி சொன்னீர்கள்.

ஆண்கள் போனதும் பெண்கள் வீடு கழுவினோம். அப்பா கிடந்த இடத்தில் நான் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். உங்கள் வீட்டு மாமி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மரத்தூளும் பூவும் கலந்து தண்ணீர் வாசல் வழியாகப் படியில் இறங்கி உங்கள் கதவு வரைக்கும் போயிற்று. அப்போது விமானச் சத்தம் கேட்டது. பாலத்தில் இறங்குகிற விமானங்கள் எங்கள் பிளாக்குக்கு மேலே தாழ்வாகத்தான் போகும், தினமும் கேட்கிற சத்தம்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. பால்கனிக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை வயிறும் சக்கரமும் தெரிந்தன. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அலறினேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து மாமி வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

இரண்டு மணிக்கு முன்பே அண்ணன் டாக்ஸியில் வந்து இறங்கினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஈரப் படியில் ஷூ வழுக்க வழுக்க ஏறி வந்தான். கழுவிவிட்ட வீட்டைப் பார்த்தான். மூலையில் விளக்கு எரிகிறது, தரை முழுக்க ஈரம், அப்பாவைக் காணோம்.  பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, அதே டாக்ஸியில் யமுனைக் கரைக்குப் போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது எரிந்து முக்கால்வாசி ஆகிவிட்டதாம். நாலாயிரத்து இருநூறு மைல் தாண்டி வந்தவனுக்கு ஆர்.கே.புரத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஆண்களெல்லாம் திரும்பி வந்தார்கள். நீங்கள் உங்கள் வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். தப்பு நடந்துவிட்டது என்று ஒரு சொல், தலையைக் குனிந்துகொண்டு ஒரு நிமிஷம், ஏதாவது செய்வீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாப்பிட வந்தீர்கள். பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, கான்கார்டு விமானம் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணியில் போகிறது என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னீர்கள். பரிமாறிக்கொண்டிருந்த என் கையில் கரண்டி இருந்தது. உங்கள் தலையில் போடாமல் விட்டதுதான் என் பொறுமை.

அந்தப் பதினாறு நாளும் அண்ணன் என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்தான். அம்மாவைவிட என்னைத்தான் அதிகம் கவனித்தான். நான் அழ ஆரம்பித்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அழாதே, யார் மேலும் தப்பில்லை என்பான். திரும்பிப் போன பிறகும் வருஷம் தவறாமல் எனக்கு ஸ்வெட்டர் வந்தது, பிறந்தநாளுக்குப் போன் வந்தது. தப்பு உங்கள் மேல் என்று அவனுக்குத் தெரியும், பெருந்தன்மையால் உங்கள் பெயரை எடுக்காமல் இருக்கிறான் என்றே நான் நினைத்திருந்தேன். நானும் எடுத்ததில்லை. எடுத்தால் நான் வாளியோடு நின்றதையும் சொல்ல வேண்டி வருமே.

நேற்று உங்களை எடுத்த பிறகு அவனுக்குப் போன் செய்தேன். கீழ்வீட்டு மாமா போய்விட்டார் என்றேன். பிள்ளை வந்து முகம் பார்த்தானா என்று கேட்டான். பார்த்தான் என்றேன். அதோடு என் வாய் நிற்கவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அடக்கி வைத்திருந்தது, அந்த ஆளுக்கு மட்டும் எல்லாம் கிடைத்தது பார்த்தாயா, உன்னை அப்பா முகம் பார்க்க விடாத ஆள் என்று கத்திவிட்டேன்.  அண்ணன் மெதுவாகச் சொன்னான்.

"மாமாவ எதுக்கு ஏசுத? அன்னைக்குக் கரையில வச்சே எங்கிட்ட சொல்லிட்டாவ. ஆபீஸ்ல இதெல்லாம் பாக்குத பிள்ள உன் தங்கச்சிதான், அவ சொன்ன அர்த்தத்த வச்சுத்தான் எடுத்தோம், பாவம் சின்னப் பிள்ள, அவகிட்ட கேட்டுராதன்னு. நான் ஒருநாளாவது கேட்டேனா? கேக்க மாட்டேம்மா. விடு."

அப்பா எரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்று, அவர் மகனிடம், அதே டைப்பிங் மிஸ்டேக்கைச் சொல்லியிருக்கிறீர்கள். அதிலும் 'பாவம் சின்னப் பிள்ளை' என்று எனக்காகப் பரிந்து பேசுவது போல. என்ன பிறவி சார் நீங்கள்? கோழை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கோழையிலும் இத்தனை கெட்டிக்காரத்தனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் என்னிடம் காட்டிய பிரியம் எதனால் என்று எழுபது வயதில் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஸ்வெட்டரும் அவன் என்னை மன்னித்து மன்னித்து அனுப்பியது. அவர் சொன்னது பொய் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்து அவன் என்ன கேட்பான்? அப்போ உனக்கு எல்.டி. என்றால் என்னவென்று தெரியாதா என்பான். தெரியும் என்று சொல்ல வேண்டும். தெரிந்துமா பேசாமல் இருந்தாய் என்பான். செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், செய்த தப்பைச் சொன்னால் அதுவும் போய்விடும்.

"சரிண்ணே" என்று போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் சொன்ன பொய்யில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதால்தான் அதை உடைக்க என்னால் முடியவில்லை. நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். நீங்களும் போய்விட்டீர்கள். அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாளும் நான் மதிக்காத உங்களிடம், எனக்குத் தெரியும் சார், தெரிந்தும் பேசாமல் நின்றேன் என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.